ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உன்னை விட்டேன்

ஐயா,

எங்கள் ஊர்ப் பக்கம் கடிதம் என்றால் ஸ்தோத்திரம் சொல்லித்தான் முதல் வரியை எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அந்தச் சொல்லை உரக்கச் சொல்லிக்கொண்டே உன் தலையில் கை வைத்து அழுத்தியவர்களை நீ மறந்திருக்க மாட்டாய். அதனால் உன்னை வீட்டில் கூப்பிடுகிற சொல்லோடு மட்டும் தொடங்குகிறேன். போன வாரம் உன் தங்கச்சி தன் கல்யாணப் பத்திரிகையை உனக்குக் கொடுக்க வந்தபோது, "மண்டபத்துக்கு வர்றேன் பாப்பா, கோயிலுக்கு வரல" என்று அவளிடம் சொன்னாயாம். அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டுப் பத்திரிகைக் கட்டை மூடி வைத்தாள். நீ கோயிலுக்கு வராததற்குக் காரணம் கர்த்தர் இல்லை, நான்தான். அதைப் போனில் சொல்ல எனக்கு வராது. தொடங்கினால் அழுவேன், அழுதால் நீ என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து உன்னை மூன்று வயதில் தோளில் போட்டுக்கொண்டு நாங்கள் திருப்பூருக்கு வந்தோம். மண்ணரையில் ஒற்றை அறை வீடு. உன் அப்பாவுக்குத் துணியைச் சூட்டில் அழுத்தி மடிக்கிற மிஷினில் வேலை, எனக்கு அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்து, ஓட்டை, கறை, நூல் விட்ட இடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிற வேலை. உன்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் முதல் வாரம் கம்பெனிக்கே கூட்டிப்போனேன். ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி மெல்ல மெல்ல மேலே எழும்புவதைப் பார்த்துவிட்டு, "ம்மா, மழை மேல போவுது" என்றாய். இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. இன்றும் காலை பத்து மணி வெயில் அந்த ஜன்னல் வழியாக வரும்போது மழை மேலேதான் போகிறது. மிஷின்களின் இரைச்சல் ஒரு கட்டத்தில் காதுக்குக் கேட்காமல் உடம்புக்குள் போய்விடும். கை தானாகத் தடவிக்கொண்டிருக்கும், மனது எங்கெங்கோ போய்விட்டு வரும். உன்னைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் அந்த மேஜையில் நின்று நினைத்ததுதான்.

பள்ளிக்கூடம் போன நாலாம் மாதமே எல்லாவற்றுக்கும் 'ங்க' சேர்க்கப் பழகிவிட்டாய். "அம்மா, சோறு போடுங்க" என்றபோது உன் அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏலே, நீ எங்க புள்ளயால, இல்ல இந்த ஊர்க் கவுண்டர் ஊட்டுப் புள்ளயா?" என்றார். வீட்டில் எங்கள் தமிழ், தெருவில் அவர்கள் தமிழ், ஞாயிற்றுக்கிழமை வேதத்தின் தமிழ் என்று மூன்றையும் சுமந்துகொண்டு திரிந்த பிள்ளை நீ. மூன்றும் மூன்று விதம் என்று எனக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிட்டது. எப்போது தெரிந்தது என்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உனக்கு எட்டு வயது. நான் ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர். மனப்பாட வசனப் போட்டி நடந்தது. உனக்கு வந்த வசனம், நம் தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்கிற வசனம். பாதி வரை அழகாகச் சொன்னாய். அந்தச் சொல் வந்ததும் நின்றுவிட்டாய். பின்வரிசைப் பையன்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு "முடியெல்லாம்" என்று சொல்லி முடித்தாய். நான் மதிப்பெண் போடவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, "வசனத்த மாத்தப்பிடாதுல" என்றேன். "அது கெட்ட வார்த்தைம்மா. ஸ்கூல்ல சொன்னா மிஸ் அடிப்பாங்க" என்றாய். "அந்தக் காலத்துல அது நல்ல வார்த்தைய்யா" என்றேன். நீ கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தாய். "அப்ப வார்த்தை மாறுமா?" என்று கேட்டாய். "வேதம் மாறாது" என்றேன். நீ கேட்டது வேறு, நான் சொன்னது வேறு. எட்டு வயதுப் பிள்ளையின் கேள்வியை அன்றே காதில் வாங்கியிருந்தால், பதினாறு வருடம் கழித்து நம் வீட்டில் நடந்தது நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பிரபுவை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக நீ சேர்ந்த அலுவலகத்தில் உன்னோடு வேலை பார்த்தவன், மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வாசலில் நிற்பான். "ஏனுங்கம்மா, நம்ம தோட்டத்துக் காய்ங்க. சாம்பார் வைங்க, நான் இருந்து சாப்புட்டுட்டுத்தான் போவனுங்க" என்பான். அவன் வந்தால் நீ சத்தமாகச் சிரிப்பாய். உன் சிரிப்பில் அந்தச் சத்தம் வேறு யார் வந்தாலும் வராது. ஒரு தாய்க்கு அது புரியாமலா இருந்திருக்கும்? புரிந்த இடத்துக்குப் பக்கத்தில் போகாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ என் எதிரே உட்கார்ந்து, "அம்மா, எனக்குப் பொண்ணு பாக்க வேண்டாம். நானும் பிரபுவும் சேர்ந்து வாழப்போறோம். நண்பனா இல்லம்மா" என்று சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது அதிர்ச்சி இல்லை. இனி தெரியாதது மாதிரி இருக்க முடியாதே என்கிற கோபம்தான் வந்தது.

நான் எழுந்துபோய் வேதப் புத்தகத்தை எடுத்து வந்தேன். பவுல் கொரிந்துவுக்கு எழுதிய நிருபத்தில், யார் யாரெல்லாம் தேவனுடைய ராஜ்யத்துக்குள் போகமாட்டார்கள் என்று வரிசையாகச் சொல்கிற இடம். அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு சொற்களின் மேல் விரலை வைத்தேன். ஒன்று, ஒருவன் தனியாகத் தன் உடம்போடு செய்வதைக் குறிப்பது. மற்றது, ஆணோடு ஆண் சேர்வதைக் குறிப்பது. நீ குனிந்து பார்த்தாய். "இந்த மொதல் வார்த்தைக்காக நம்ம கோயில்ல எத்தன பேர நிறுத்தி ஜெபம் பண்ணிருக்கீங்க?" என்று கேட்டாய். "ரெண்டு நூல் கலந்த துணி உடுத்தக்கூடாதுன்னும் இதே புஸ்தகத்துல இருக்குதும்மா. காட்டன்ல பாலியஸ்டர் கலந்த பீஸத்தான நாள் முழுக்கத் தடவிட்டு இருக்கீங்க?" என்றாய். உன்னை அறைந்தேன். கேலி செய்கிறாய் என்று நினைத்துத்தான் அறைந்தேன். உன் கண்ணில் கேலி இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அது எனக்குப் பல மாதம் கழித்து, ஒரு வெள்ளை பீஸை விரித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு உன்னைக் கூட்டிப்போனதுதான் என் பெரிய பிழை. "சும்மா வந்து உக்காருய்யா" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனேன். முன்னாலேயே அப்போதிருந்த பாஸ்டரிடமும் கோயிலின் பெண்கள் சங்கத்தாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் உன்னை எழுப்பி நிறுத்தினார்கள். சுற்றி நின்று தலையில் கை வைத்தார்கள். அந்த வசனத்தை யார் வாசிப்பது என்று கேட்டபோது நானே வாசித்தேன். நல்ல குரல் எனக்கு என்று எல்லோரும் சொல்வார்கள் இல்லையா, அந்தக் குரலில் வாசித்தேன். நீ மூன்று மணி நேரம் நின்றாய். வீட்டுக்கு வந்து பையில் துணியை எடுத்து வைத்தாய். வாசலில் நின்று நான் சொன்னேன்: "போனா அப்படியே போ. இந்த வீட்டுல உனக்குச் சுதந்தரம் கெடையாது." நீ ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். "அது தெரிஞ்சுதாம்மா போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய்.

அதற்குப் பிறகு ஆறு வருடம். நீ இருப்பது இதே ஊரில், பல்லடம் ரோட்டில், பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனாலும் எனக்கு நீ ஏதோ நீருக்கு அடியில் இருக்கிறவன் மாதிரி, தெரிவாய், கை எட்டாது. உன் தங்கச்சி போனில் உன்னோடு பேசும்போது நான் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தைக் குறைத்துக்கொள்வேன். உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் "சும்மா நடந்துட்டு வாரேன்" என்று போவார். நான் கேட்டதில்லை. ஒருநாள் மழைக்காலத்தில் அவர் திரும்பி வந்தபோது கையில் முருங்கைக்காய்க் கட்டு இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஆமா, வாரம் தவறாம போய்ப் பாக்கத்தான் செய்யுதேன்" என்றார். "வேதத்துல அப்படிப் போட்டிருக்கே, ஒங்களுக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டேன். "எனக்கு எழுத்துக்கூட்டித்தான வாசிக்கத் தெரியும். அவன் மூஞ்சி நல்லா வாசிக்க வருது. நல்லா இருக்கான்" என்றார். அந்தக் காயை நான் சமைத்தேன்.

போன ஆனி மாதம்தான் அது நடந்தது. புதிதாக வந்த பாஸ்டரின் மனைவி எங்கள் பெண்கள் சங்கத்தில் வேத பாடம் எடுக்கிறாள். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், கிரேக்கம் எல்லாம் படித்தவள். ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டே வந்தோம். அந்த இடம் வந்தது. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மேரி, எங்கள் கம்பெனியிலேயே துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர், தலையைத் தூக்கினாள். "எக்கா, நீங்க வாசிச்சது என் புஸ்தகத்துல இல்லியே. இதுல வேற என்னமோல்லா போட்டிருக்கு" என்றாள். அவளுடையது புது மொழிபெயர்ப்பு. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டாம் சொல் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் சொல்தான் முற்றிலும் வேறு. இதில் இருக்கிறவன் அதில் இல்லை. அதில் இருக்கிறவன் இதில் இல்லை. எந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து உன்னிடம் காட்டினேனோ, அந்தச் சொல்.

எல்லோரும் போன பிறகு நான் பாஸ்டரம்மாவிடம் கேட்டேன். யாருக்காகக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ கம்பிவேலியில் சாயத்துணி காயப்போட்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். "அந்த மொதல் வார்த்தைக்கு கிரேக்கத்துல மென்மையானதுன்னு அர்த்தம்மா. சுவிசேஷத்துல மெல்லிய வஸ்திரம்னு வருதே, அங்க துணிக்குச் சொல்றதும் இதே வார்த்தைதான்" என்றாள். "மனுஷனுக்குச் சொல்லும்போது காலத்துக்குக் காலம் வேற வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. சொகுசா வாழ்றவன், கோழை, அடக்கம் இல்லாதவன், பொம்பள மாதிரி இருக்கறவன்னு. நம்ம பழைய புஸ்தகத்த மொழிபெயர்த்தவங்களுக்கு, தனியா தன் உடம்போட செய்யறவன்னு தோணிருக்கு. புதுச மொழிபெயர்த்தவங்களுக்கு வேற மாதிரி தோணிருக்கு." நான் இரண்டாம் சொல்லைக் கேட்டேன். "அது ஆணுங்கற சொல்லையும் படுக்கைங்கற சொல்லையும் சேர்த்துத் தைச்சது. பவுலுக்கு முன்னால யாரும் எழுதின மாதிரி தெரியல. பையங்கள வாங்கி வித்தவங்களச் சொன்னாரா, அடிமைகளக் கெடுத்தவங்களச் சொன்னாரா, எல்லாரையுமே சொன்னாரான்னு படிச்சவங்க இன்னும் வாதாடறாங்க. ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் நேசிச்சு ஒரே வீட்ல குடும்பம் நடத்துறதப் பத்தி அவர் யோசிச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாதும்மா. எங்க வீட்டுக்காரர் இதுல வேற மாதிரி சொல்வார். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மறுநாள் மேஜைக்கு வந்தது குழந்தைகளுக்கான உடுப்பு. பிறந்த பிள்ளைக்குப் போடுகிற, கன்னத்தில் வைத்தால் இருப்பதே தெரியாத துணி. அதைத் தடவத் தடவ எனக்கு நடப்பது கனவா நனவா என்று பிடிபடவில்லை. இருபத்தேழு வருடமாக என் விரல் தேடித் தேடிப் பார்த்த குணம் இது. துணி மெத்தென்று இல்லையென்றால் தள்ளிவிடுவேன். அந்தக் குணத்தின் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையைத் தள்ளியிருக்கிறேன், அது என்ன சொல் என்றே தெரியாமல். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து உனக்குப் போன் செய்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவை.

நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். கிரேக்கம், மெல்லிய வஸ்திரம், இரண்டு புத்தகம். நீ முழுவதும் கேட்டாய். பிறகு, "அது எனக்கு அப்பவே தெரியும்மா" என்றாய். "அன்னிக்கு அந்த வார்த்தைக்கு உங்களுக்கு அர்த்தம் தெரியுமான்னு கேக்கத்தான் ஆரம்பிச்சேன். வாய்ல கோபமா வந்துருச்சு." நான் அழ ஆரம்பித்தேன். நீ மெதுவாக, சண்டைக்கு இல்லாமல் கேட்டாய்: "ஒருவேளை நீங்க நெனச்ச அர்த்தமே இருந்திருந்தா என்ன பண்ணிருப்பீங்க? வார்த்தை மாறுனதாலதான் நான் உங்க மகனா?" வேப்பம்பழம் ஒன்று தோளில் விழுந்தது, அது இப்போதும் நினைவிருக்கிறது, பதில் மட்டும் இல்லை. பேச்சை மாற்ற, "ஏன்ய்யா இத்தன நாளும் வீட்டுப் பக்கம் வரல?" என்று கேட்டேன். "நீங்கதான் எனக்கு அங்க சுதந்திரம் இல்லன்னு சொன்னீங்க. நான் நானா இருக்க முடியாத வீட்டுக்கு எப்படி வர்றது?" என்றாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சொன்னது வேதத்தின் சுதந்தரம், தகப்பன் சொத்தில் பிள்ளைக்கு இருக்கிற பங்கு. பங்கு கிடையாது என்றுதான் சொன்னேன். உன் காதில் விழுந்தது உங்கள் காலத்துச் சுதந்திரம், விடுதலை. அதே நிருபத்தில், அந்த ராஜ்யம் யாருக்குக் கிடைக்காது என்று சொல்கிற இடத்திலும் இந்தச் சொல்தான் நிற்கிறது. தாயும் மகனுமாய் ஒரே வாசலில் நின்று, ஒரே சொல்லை, ஒரே நாளில் பேசிக்கொண்ட நாமே இரண்டு அர்த்தத்தோடு ஆறு வருடம் வாழ்ந்திருக்கிறோம். அத்தனை நூற்றாண்டைத் தாண்டி வந்த சொல்லை நான் எவ்வளவு நிச்சயமாக வாசித்தேன், ஐயா!

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத்தான் இந்தக் கடிதம். எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சில நாள் பாஸ்டரம்மா சொன்னது சரி என்று படுகிறது, சில நாள் பழைய பயம் வந்து பிடித்துக்கொள்கிறது. ஆனால் இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அந்தச் சொல்லுக்கு நான் நினைத்த அர்த்தமே இருந்திருந்தாலும் நான் உனக்குச் செய்தது பிழை. உன்னைப் பொய் சொல்லிக் கூட்டிப்போனது பிழை. பலர் முன்னால் நிறுத்தியது பிழை. நீ என் மகன் என்பது எந்த மொழிபெயர்ப்பையும் நம்பி நிற்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடமும் ஒரு கிரேக்கச் சொல்லும் தேவைப்பட்டதே, அதற்காக என்னை மன்னி. உனக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். நீயும் பிரபுவும் குடும்பம் நடத்துகிறீர்கள். சண்டை வரும். கோபத்தில் அவன் ஒரு சொல் சொன்னால் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடாதே. உட்கார்ந்து, "நீ என்ன சொல்ல வந்தே?" என்று ஒரு தடவை கேள். நானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. அந்தக் குணத்தை என்னிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதுவரை எழுதியதை நேற்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன். பலர் முன்னால் செய்ததைச் சமையலறையில் வைத்துத் திருத்த முடியாது என்று தோன்றியது. உன்னைக் கேட்காமல் வாசித்தது தப்பென்றால் திட்டு. இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள். ஒருத்தி, "பிள்ளப் பாசத்துல வேதத்த வளைக்காதீங்க எக்கா" என்றாள். பாஸ்டரம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், அழுதாளா என்று தெரியாது. பிறகு நானும் உன் அப்பாவும் பாஸ்டரைப் போய்ப் பார்த்தோம். கல்யாணத்தன்று முன்வரிசையில் எங்கள் இரண்டு மகன்களும் உட்காருவார்கள் என்று உன் அப்பா சொன்னார். பிரபுவையும் சேர்த்து மகன்கள் என்றுதான் சொன்னார், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பாஸ்டர் மேஜை மேலிருந்த வேதத்தை மூடி வைத்துவிட்டு, "எனக்கு ஒத்துப்போகாத விஷயம்ங்க. ஆனா கர்த்தருடைய வீட்ல யார் எங்க உக்காரணும்னு நான் சொல்ல முடியாது" என்றார். ஆகையால் இடம் இருக்கிறது. வரவேண்டும் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. வந்தால் பிரபுவோடு வா. யாராவது முணுமுணுத்தால் அவர்களைப் பார்த்து நிற்க வேண்டியது நான், நீங்கள் இல்லை. வரவில்லையென்றால், அன்று சாயங்காலம் கல்யாணச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு நானே பல்லடம் ரோட்டுக்கு வருகிறேன்.

கடிதம் இரண்டு நாள் பிந்தி உன் கைக்கு வரும். நேற்று கூட்டம் முடிந்து நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மேரி பின்னாலேயே வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "எக்கா, பெங்களூர்ல இருக்காளே எம்மவ, அவ என்கூடப் பேசி மூணு வருசமாச்சு. ஏன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இந்தத் தாளக் குடுங்களேன். பேர மட்டும் மாத்தி அவளுக்கு எழுதிக்கிடுதேன்" என்றாள். கொடுத்துவிட்டேன். இன்று மத்தியானம் அவள் ஓவர்லாக் மிஷினுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே குனிந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இந்தக் கடைசித் துண்டை நான் அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். முன்தாள்களில் எங்காவது மிஷின் எண்ணெய் பட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. அது அவள் விரல்.

உன் அம்மா